காசு கரையாமல் ஓர் ஆட்ட மேசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து ஆடும் கதையாட்டங்கள், சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் ஆட்டங்கள் இரண்டையும் வாரக் கடைசியில் வீட்டில் நடத்துகிறேன். புதிதாக வருகிறவர்கள் இணையத்தில் வெளிநாட்டு மேசைகளின் படங்களைப் பார்த்துவிட்டு, விலையையும் பார்த்துவிட்டு, ‘இது நமக்கு ஆகாது’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை. இந்த ஆட்டங்களுக்கு வேண்டியதில் முக்கால்வாசி நம் வீட்டிலும் தெருமுனைக் கடையிலுமே இருக்கிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்று ராத்திரியே ஆட வேண்டும். குறைந்தபட்சம் என்ன வேண்டும்?

பென்சில், பேப்பர், பகடை, விதி. விதிக்குக் காசு தேவையில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் சட்டப்படி இறக்கிக்கொள்ளலாம். படை ஆட்டம் என்றால் ஒன் பேஜ் ரூல்ஸ் நிறுவனத்தின் அடிப்படை விதிகள் இலவசம். இன்ன கம்பெனி பொம்மைதான் வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை.

மினி, அதாவது சின்ன உருவப் பொம்மை, இல்லையா? கொண்டைக்கடலை எல்லாம் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள், ராஜ்மா எல்லாம் ஓர்க் என்ற முரட்டுப் பூதங்கள், சட்டைப் பட்டன்கள் உங்கள் ஆட்கள். யார் எங்கே நிற்கிறார் என்பது மேசையைச் சுற்றி இருக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிந்தால் போதும். அழகு அதற்கு அப்புறம்தான். கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் நான் வைக்கும் அளவுகோல் இதுதான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேட்கும் 20 முகப் பகடை கிடைக்கவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதா? அப்படியென்றால் உங்களிடம் ஒரு நான்கு முகப் பகடை ஏற்கெனவே இருக்கிறது. பித்தளைத் தாயக்கட்டையின் நான்கு நீளப் பக்கங்களில் ஒன்று வெறுமை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். அதாவது 0 முதல் 3 வரை. இதோடு லூடோ பெட்டியில் இருக்கும் சாதாரணப் பகடை ஒன்றைச் சேர்த்தால் 1 முதல் 20 வரை எல்லா எண்ணும் சம வாய்ப்போடு விழும்.

ஒரு தாயக்கட்டையையும் ஒரு பகடையையும் சேர்த்து உருட்டுங்கள். பகடையில் 6 விழுந்தால் பகடையை மட்டும் மறுபடி உருட்டுங்கள். தாயக்கட்டை எண்ணை 5ஆல் பெருக்கிப் பகடை எண்ணைக் கூட்டுங்கள். தாயக்கட்டையில் 2, பகடையில் 4 என்றால் 14. வெறுமையும் 1ம் விழுந்தால் 1. மூன்று புள்ளியும் 5ம் விழுந்தால் 20. இரண்டு மூன்று சுற்று ஆடியதும் கணக்குத் தானாக வாயில் வந்துவிடும்.

மற்றப் பகடைகளும் இப்படித்தான். 4 முகத்துக்குத் தாயக்கட்டை மட்டும் போதும், வெறுமையை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 முகத்துக்குத் தாயக்கட்டை எண்ணை இரண்டால் பெருக்கி, பகடையில் ஒற்றைப்படை விழுந்தால் 1, இரட்டைப்படை விழுந்தால் 2 கூட்டுங்கள். 10 முகத்துக்குப் பகடையோடு ஒரு காசைச் சுண்டுங்கள்; 6ஐ ஒதுக்கிவிட்டு, பூ விழுந்தால் 5 கூட்டுங்கள், தலை விழுந்தால் அப்படியே. 12 முகத்துக்கு 6ஐ ஒதுக்க வேண்டாம், பூவுக்கு 6 கூட்டினால் சரி.

சோழி, புளியங்கொட்டை போட்டு ஆடலாமா? அல்லது இரண்டு மூன்று சாதாரணப் பகடைகளைக் கூட்டினால் ஆகாதா?

எண் விழும், ஆனால் வாய்ப்பு மாறிவிடும். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய நான்கு புளியங்கொட்டைகளைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சமமாக விழுந்தாலும், 16 தடவையில் சராசரியாக 6 தடவை இரண்டு வெள்ளை வரும். நான்கும் வெள்ளையாக வருவது ஒரே தடவை. எல்லாம் நடுவில் குவியும். பகடைகளைக் கூட்டினாலும் இதே கதைதான். 20 முகப் பகடையில் 20 விழுவதும் 11 விழுவதும் ஒன்றுதான். அந்தப் படபடப்பில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. வழியில் என்ன எதிர்ப்படும், நாளைக்கு மழையா வெயிலா என்ற மாதிரி, வழக்கமானது அடிக்கடியும் விசேஷமானது அரிதாகவும் வர வேண்டிய இடத்தில் புளியங்கொட்டை அருமையாகப் பொருந்தும். அதற்கு நான் இன்னமும் அதைத்தான் எடுக்கிறேன்.

இன்னொரு வழி சீட்டுக் குலுக்குவது. 1979இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனமே தன் அறிமுகப் பெட்டியில் பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைச் சில்லுகளை வைத்து விற்றது. வெட்டி, ஒரு குவளையில் போட்டு, குலுக்கி எடுக்க வேண்டும். நீங்களும் காலண்டர் அட்டையில் 20 சில்லு வெட்டிக்கொள்ளலாம். எடுத்த சில்லை ஒவ்வொரு தடவையும் திரும்பக் குவளையில் போட மறக்காதீர்கள்.

கட்டம் போட்ட வரைபட விரிப்புக்கு மாற்று என்ன?

ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பர். ஏறக்குறைய 22க்கு 28 அங்குலம் இருக்கும். அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டால், ஒரு கட்டம் 5 அடி என்ற வழக்கமான கணக்கில், 110க்கு 140 அடி நிலம் கையில். 30 அடி நடக்கும் பாத்திரம் ஒரு முறைக்கு 6 கட்டம் போகும். கோட்டைப் பென்சிலால் மெல்லிசாகப் போடுங்கள். கறுப்பு ஸ்கெட்ச்சில் போட்டால் கட்டம்தான் கண்ணில் படும், வரைந்த அறையும் சுவரும் தெரியாது.

அதன்மேல், சாப்பாட்டு மேசைக்குப் போட மீட்டர் கணக்கில் விற்கும் தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துவிடுங்கள். ஒயிட்போர்டு மார்க்கரில் வரையலாம், துடைக்கலாம். சில ஷீட்டில் மை ஒட்டிக்கொள்ளும். வாங்கியதும் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, மறுநாள் துடைத்துப் பாருங்கள். யாராவது அவசரத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் கிறுக்கிவிட்டால், அந்தக் கோட்டின்மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் பூசி உடனே துடைத்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

மினிகளை எப்படிச் செய்வது? எனக்குக் களிமண் பிசைய வராது.

பேப்பரிலிருந்து தொடங்குங்கள். ஆள் உயரம் 3 செ.மீ. இருக்கும்படி படத்தை முன்னும் பின்னுமாக, தலையோடு தலை சேர்த்து, ஒரே துண்டில் அச்சடித்து, நடுவில் மடித்து ஒட்ட வேண்டும். ஜெராக்ஸ் கடையில் 250, 300 ஜிஎஸ்எம் தாள் கேட்டால் தருவார்கள். சாதாரண ஏ4 தாள் இரண்டு நாளில் வளைந்துவிடும். படம் வரையத் தெரிந்த ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் அவரைத் தங்கம் மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: ஃபேன். முதல் தடவை பேப்பர் மினிகளை மேசையில் நிறுத்தி, புழுக்கம் தாங்காமல் ஃபேனை மூன்றில் வைத்தோம். பன்னிரண்டு எலும்புக்கூடுகளும் பறந்துபோய் அலமாரிக்கு அடியில் விழுந்தன. அன்றைக்கே காலில் கனம் வைக்கக் கற்றுக்கொண்டேன். சின்ன பைண்டர் கிளிப்பில் அடியைக் கடிக்க வைத்து, பின்புறக் கம்பிகளைக் கழற்றிவிட்டால் கிளிப்பே பீடமாகிவிடும். இல்லையென்றால் அடுத்த கேள்வியில் வரும் வாஷர்.

பெரிய பூதங்களுக்குத் திருவிழாக் கடையில் பாக்கெட்டாக விற்கும் பிளாஸ்டிக் விலங்குகளும் டைனோசர்களும் போதும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற ஆந்தைக்கரடி, துரு தின்னும் பூதம், நிலத்துக்கடியில் நீந்தும் புலெட் ஆகியவை பிறந்ததே அப்படித்தான். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் செய்த மலிவுப் பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட் ஒன்றை வாங்கிவந்து, அதிலிருந்த விநோத உருவங்களுக்கு அவரும் அவருடைய சகாக்களும் பெயரும் குணமும் கொடுத்தார்கள். பொம்மை முதலில் வந்தது, பூதம் அப்புறம்.

அடிப்பீடத்துக்குக் காசு ஒட்டலாமா?

வேண்டாம். நாணயத்தைச் சிதைப்பதற்கு எதிராகச் சட்டம் இருக்கிறது, அதோடு காசைக் காசாகச் செலவழிப்பதே நல்லது. ஹார்டுவேர் கடையில் எம்12 வாஷர் கேளுங்கள். வெளிவிட்டம் 24 மி.மீ. இருக்கும், சாதாரண மனித உருவத்துக்கான 25 மி.மீ. பீடத்துக்கு அது சரியான ஜோடி. எம்16 வாஷர் 30 மி.மீ., கொஞ்சம் பருத்த ஆளுக்கு. நடு ஓட்டையின்மேல் வட்டமாக வெட்டிய காலண்டர் அட்டையை ஒட்டி, அதன்மேல் மினியை ஒட்டுங்கள். ஃபெவிகால் தடவி, சலித்த மணலில் ஒரு முறை அழுத்தி எடுத்தால் தரையும் ஆயிற்று.

சாதா இரும்பு வாஷராகவே வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுவதன் அருமை கடைசிக் கேள்வியில் தெரியும்.

குன்று, பாறை, இடிந்த கோட்டை எல்லாம் எப்படி?

கொலுவுக்குப் பார்க் கட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்களுக்கு இந்த வேலை தெரியும். தெர்மாகோல் மலை, சாயம் போட்ட மரத்தூள் புல்வெளி, கண்ணாடித் துண்டு குளம் என்று அம்மா நவராத்திரிக்குச் செய்ததையெல்லாம்தான் நான் இன்று மேசையில் செய்கிறேன். பெயர்தான் வேறு.

புதிய டிவி, ஃபிரிட்ஜ் வாங்குகிற வீட்டில் சொல்லிவையுங்கள், பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் சும்மா கிடைக்கும். கட்டர் பிளேடு புதிதாக இருக்கட்டும்; மழுங்கிய பிளேடுதான் மணிமணியாகப் பிய்க்கும். ஒரே அழுத்தில் வெட்டாமல், நீளமாக நாலைந்து இழுப்பில் வெட்டுங்கள். பறக்கும் மணிகள் ஈரத் துணியில் ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் ஒன்றை விரித்துவைத்துக்கொள்ளுங்கள். சூடான கம்பியால் வெட்டுவது சுலபம்தான், ஆனால் வரும் புகை நல்லதல்ல. மொட்டை மாடியில் மட்டும் செய்யுங்கள்.

இரண்டு மூன்று தட்டுகளை ஃபெவிகால் வைத்து அடுக்கி, ஓரத்தைச் சரிவாகச் சீவுங்கள். இங்கேதான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். நிஜ மலை மாதிரி கூராகச் சீவிவிட்டு, அதன்மேல் மினி நிற்காமல் உருள்வதைப் பார்த்து வருந்துவார்கள். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஓர் அங்குலம் சமதளம் விடுங்கள், உச்சியில் இரண்டு அங்குலம். மேசை மலை என்பது மலை வேஷம் போட்ட படிக்கட்டு.

அப்புறம் மேல்பூச்சு. கொஞ்சம் வால் புட்டிப் பவுடர், அதில் பாதி ஃபெவிகால், தோசை மாவுப் பதம் வரும்வரை தண்ணீர். கையுறை போட்டுக்கொண்டு பூசுங்கள், வெறும் கையில் பட்டால் தோல் எரியும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத் தட்டிப் பாருங்கள்: தெர்மாகோலின் பொத் பொத் சத்தம் போய், சட்டி தட்டுகிற சத்தம் வரும். அதற்குமேல் கறுப்பு, அது காய்ந்ததும் சாம்பல், அதற்குமேல் வெளிர்சாம்பல். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறைவாக, மேடான இடங்களில் மட்டும்.

பூசாத தெர்மாகோல்மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிக்விக்கும் அப்படித்தான்.

கல் பதித்த தரைக்கு முட்டை அட்டை. மூடியின் தட்டையான பகுதியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, மூலைகளை விரலால் மழுக்கி, காலண்டர் அட்டைமேல் நெருக்கமாக ஒட்டுங்கள். அந்தச் சொரசொரப்பு இயல்பாகவே கருங்கல் மாதிரி இருக்கும். சொப்புச் சாமானைத் தூக்கிப் போடாதீர்கள். மேசை அளவில் ஓர் அங்குலச் சொப்புப் பானை 5 அடி உயரத் தாழி. பாதாள அறையில் வரிசையாக நாலு வைத்து மண்ணிறம் பூசினால் முதுமக்கள் தாழிகள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காத ஆட்டக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் தடித்த புத்தகங்களை அடுக்கி, மேலே பச்சைப் போர்வையை விரியுங்கள். எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்ப் போருக்கு விதி எழுதி வெளியிட்டவர். தொடக்கத்தில் கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கம்பளத்தில் பரப்பித்தான் நிலம் அமைத்ததாக அவரே சொல்கிறார்.

மரம், புதர்?

காய்ந்த துளசிச் செடி. கிளை பிரிகிற விதம் அச்சாக ஒரு முழு மரம்தான். வெயிலில் நன்றாகக் காயவைத்து, நுனிகளில் ஃபெவிகால் தொட்டு, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளில் உருட்டுங்கள். புதருக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரைப் பிய்த்துப் போடலாம். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு வேற்றுக்கிரகக் காட்டுக்கு அவ்வளவு பொருத்தம். குறுக்கே வெட்டி ஊதா பூசிப் பாருங்கள்.

நெருப்புக் குண்டு, விஷப் புகை இவற்றின் பரப்பை எப்படிக் காட்டுவது?

20 அடி ஆரமுள்ள நெருப்புக் குண்டு மேசையில் 8 அங்குல விட்டமுள்ள வட்டம். கட்டுக்கம்பியை 26 அங்குலம் வெட்டி, அந்த அளவுச் சட்டியைச் சுற்றி வளைத்து, மீதி நுனியை முறுக்கிவிடுங்கள். அட்டையில் வெட்டினால் கீழே நிற்கும் மினிகளை மூடிவிடும். கம்பி வளையத்தை அவர்களுக்கு மேலாகவே இறக்கலாம்.

சின்ன வட்டத்துக்கு வளையல். வளையல் கடையில் ‘ரெண்டு நாலு’, ‘ரெண்டு எட்டு’ என்பதெல்லாம் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு. ரெண்டு எட்டு என்றால் உள்விட்டம் இரண்டரை அங்குலம். குழந்தைகளின் ரெண்டு அளவு சரியாக 2 அங்குலம், 5 அடி ஆரத்துக்கு அதுவே.

யார் மயக்கத்தில், யாருக்கு விஷம் ஏறியிருக்கிறது என்று காட்டக் குளிர்பான பாட்டிலின் கழுத்தில் மூடிக்குக் கீழே தங்கிவிடும் வளையம். 25 மி.மீ. பீடத்தைச் சுற்றி இறங்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கு ஒரு நிலை. சில தண்ணீர் பாட்டில்களின் கழுத்து சின்னது, அது இறங்காது.

ஆட்டம் நடத்துகிறவர் முன்னால் வைக்கும் தடுப்பு?

தினசரி காலண்டர் அட்டை. ஜனவரி முதல் வாரத்தில் எந்த மளிகைக் கடையில் கேட்டாலும் பழசைக் கொடுத்துவிடுவார்கள். மூன்றோ நான்கோ அட்டைகளைத் துணி டேப்பால் பக்கவாட்டில் இணையுங்கள். இரண்டு அட்டைக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளி விட்டால்தான் மடங்கும். உள்பக்கம் அடிக்கடி பார்க்கும் விதிகளைத் தமிழில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், ஆட்டத்தின் நடுவே புத்தகம் புரட்டுகிற நேரம் மிச்சமாகும். சாமி படம் போட்ட அட்டையை வெட்ட வீட்டில் மனம் வராது, எனக்கும் வராது. அதை எடுத்து வைத்துவிட்டு இயற்கைக் காட்சி போட்டதை வெட்டுங்கள்.

மினிக்கு அடிக்க இறக்குமதிப் பெயின்ட் அவசியமா?

இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் அக்ரிலிக் போதும். முகத்துக்கும் கைக்கும் மட்டும் ஒரு நல்ல மெல்லிய பிரஷ் வாங்குங்கள், காசு அங்கே போகட்டும். நம் வெயிலில் பெயின்ட் தட்டிலேயே காய்ந்துவிடும். மூடி போட்ட டப்பாவில் டிஷ்யூவை நனைத்து விரித்து, அதன்மேல் கேக் சுடப் பயன்படும் பட்டர் பேப்பரைப் போட்டு அதில் கலந்தால், மூடி வைத்தால் மறுநாள்கூட ஈரமாக இருக்கும். எல்லாம் அடித்து முடித்ததும் அடர் பழுப்பை நிறையத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மேலே ஓடவிடுங்கள். மடிப்புகளில் நிழல் தானாகத் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

கடை மினியை அச்சு எடுத்து நாமே வார்க்கலாமா?

கூடாது. அது இன்னொருவர் செதுக்கியது. எம்-சீலை இரண்டு பகுதியும் சம அளவில் பிசைந்து சொந்தமாக ஒரு பாம்பு, ஒரு நடுகல் செய்து பாருங்கள். கல்லாக இறுகும். தண்ணீர் தொட்ட விரலால் வழித்தால் வழுவழுப்பு வரும். கையுறை இதற்கும் உண்டு.

வீட்டில் செய்ததைப் போட்டிக்கு எடுத்துப்போகலாமா?

நடத்துகிறவரைக் கேளுங்கள். வார்ஹாமர் என்ற படை ஆட்டத்தை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் தன் நிகழ்ச்சிகளில் தன் மினிகளையே எதிர்பார்க்கும். நண்பர்கள் மேசையில் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

செய்ததையெல்லாம் எங்கே வைப்பது? எறும்பு வருகிறது, அடைசல் என்று வீட்டில் திட்டும் விழுகிறது.

எறும்பும் கரப்பானும் வருவது மைதாப் பசையைத் தேடி. ஒட்ட ஃபெவிகால் மட்டும் பயன்படுத்துங்கள். செடி, நார், மரத்தூள் எதுவும் முழுக்கக் காயாமல் பெட்டிக்குள் போகக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். ஆவணியில் ஒரு நாள் எல்லாவற்றையும் வெயில் காட்டி எடுத்துவைத்தால் மழைக்காலம் தாங்கும்.

மினிகளுக்கு, ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் காந்தத் தாளை ஷூ பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். இரும்பு வாஷர் பீடங்கள் அப்படியே பிடித்துக்கொள்ளும், பஸ்ஸில் கொண்டுபோனாலும் வாள் ஒடியாது. குன்றுகளைக் கட்டும்போதே ஒன்றுக்குள் ஒன்று அடுக்குகிற மாதிரி உள்ளே குடைந்துவிடுங்கள். என் மொத்த மலைத்தொடரும் ஒரே அட்டைப்பெட்டியில் பரணில் இருக்கிறது, கொலுப் பெட்டிக்குப் பக்கத்தில். போன நவராத்திரிக்கு அம்மா அதிலிருந்து இரண்டு குன்றை எடுத்துக் கொலுப்படிக்குக் கீழே வைத்து, மேலே முருகனை நிறுத்திவிட்டார். உச்சியில் நான் விட்டிருந்த இரண்டு அங்குலச் சமதளத்தில் வேலோடு நேராக நின்றார்.